விஸ்வநத்தம் வட்டாரத்தில் ட்ரோன் பறக்கவிடும் முன்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் வட்டாரத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வயல்காட்டில் மருந்து என்றால் பூச்சிமருந்து. பட்டாசு ஆலையில் மருந்து என்றால் வெடிமருந்து. இந்த இரண்டு மருந்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வண்டிப்பாதையும் ஒரு கம்பிவேலியும் மட்டுமே இருக்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் நிற்கின்றன. அந்தப் பக்கம் வெயிலில் பட்டாசு காய்கிறது.

இந்நிலையில் பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோன் இப்பகுதிக்கும் வந்துவிட்டது. கைத்தெளிப்பானைத் தோளில் சுமந்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் நுழைந்து மருந்தடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சோகை முகத்தில் அறுக்கும். காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. அடித்த மருந்து ஆளின் மேலேயே வந்து விழும். கூலிக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ட்ரோன் ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. ஆகவே சிறு விவசாயிகளும் அதை வாடகைக்கு அமர்த்திக்கொள்ள விரும்புவது இயற்கையே.

அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் குழப்பம் இருந்து வருகிறது. "என் நிலம், என் பயிர், யாரைக் கேட்க வேண்டும்?" என்பார் ஒருவர். "கலெக்டர் உத்தரவு இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல. ட்ரோன் பறக்கும் ஆகாயத்துக்கு ஒரு சட்டம். அது கிளம்பி இறங்கும் தரைக்கு வேறு சட்டம். அது தெளிக்கும் மருந்துக்கு மூன்றாவது சட்டம். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆகாயத்துக்கு மூன்று நிறம்

ஆகாயம் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளது. 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி பெற வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. எந்த இடம் எந்த நிறம் என்று காட்டும் வரைபடத்தை 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசு இணையதளத்தில் பார்க்கலாம். ஸ்மார்ட்போன் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் மண்டலம் முன்பு 45 கிலோமீட்டர் வரை இருந்தது. இப்போது அது 12 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டுவிட்டது. விஸ்வநத்தத்துக்கு மதுரை விமான நிலையமும் தூத்துக்குடி விமான நிலையமும் இதற்கு வெகு தூரத்தில் உள்ளன. பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் பறக்கும் தெளிப்பு ட்ரோனுக்கு 400 அடி வரம்பைப் பற்றிய கவலையும் கிடையாது. எனினும், வரைபடம் அவ்வப்போது மாற்றப்படுவதால் பறக்கும் நாளன்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

எடையைப் பொறுத்தும் விதி மாறுகிறது. 250 கிராம் வரை உள்ளது நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று ஐந்து வகை. மருந்தும் மின்கலமும் சேர்த்துத்தான் எடை பார்க்கப்படும். 10 லிட்டர் தொட்டி கொண்ட தெளிப்பு ட்ரோன்களில் பல 'சிறிய' வகையில் அடங்கும். தொட்டி பெரிதானால் நடுத்தர வகைக்குப் போய்விடும். இத்தகைய ட்ரோனுக்குத் தனி அடையாள எண் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும். ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழ் பெற வயது 18 முதல் 65-க்குள் இருந்து, பத்தாம் வகுப்பு தேறியிருந்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் சிறு ட்ரோனுக்கு இதெல்லாம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு கிலோவுக்குட்பட்ட மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்காகப் பறக்கவிட்டால்தான் சான்றிதழ் வேண்டாம். கூலி வாங்கிக்கொண்டு படம் பிடித்தால் அது தொழில். அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

நாலு நாள் தடை

பச்சையாக இருக்கும் இடம் திடீரென்று சிவப்பாகவும் மாறலாம். முக்கியப் பிரமுகர் வருகை, கலவரம், பெரிய விபத்து போன்ற அவசரங்களில் மாநில அரசோ போலீஸ் இலாகாவோ ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க ட்ரோன் விதிகள் இடம் தருகின்றன. போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் இந்த அறிவிப்பைச் செய்யலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம், அதாவது நாலு நாள்தான் அது செல்லும்.

இது தவிர, மாவட்ட ஆட்சியர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163-ஆம் பிரிவின் கீழ் தடை உத்தரவு போடலாம். பழைய 144 தடை உத்தரவு என்று எல்லோருக்கும் பழக்கமானதுதான் 2024 ஜூலை முதல் இந்த எண்ணில் வழங்குகிறது. தடை அமலில் இருக்கும்போது, பூச்சி முற்றிவிட்டது என்று சொல்லி ட்ரோனைக் கிளப்பினால் அந்தச் சமாதானம் எடுபடாது. மருந்தடிப்பை இரண்டு நாள் தள்ளிப்போட வேண்டும். இல்லையேல் கைத்தெளிப்பானை எடுக்க வேண்டும்.

பூங்காவும் மந்தையும் கண்மாய்க் கரையும்

ஆகாயம் பச்சை என்பதால் எந்த இடத்திலிருந்தும் ட்ரோனைக் கிளப்பலாம் என்று அர்த்தமல்ல. கிளப்பும் தரைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். பொதுப் பூங்காவானால் அது நகராட்சி அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. ஊர் மந்தையும் சிறுவர் பூங்காவும் ஊராட்சியின் பொறுப்பு. பள்ளி மைதானம் பள்ளியின் பொறுப்பு. கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தையோ நீர்வளத் துறையையோ சேர்ந்தது. பூங்காவுக்குள் எதைக் கொண்டுவரலாம், எதைச் செய்யலாம் என்று சொல்லும் உரிமை அதைப் பராமரிப்பவருக்கு உண்டு. ட்ரோன் விதிகளில் 'பூங்கா' என்று ஒரு தனி மண்டலம் இல்லாததால், அங்கே தடையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

வெளிநாடுகளிலும் விஷயம் இப்படித்தான் போயிருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ட்ரோனைக் கிளப்புவதும் இறக்குவதும் 2014-ல் தடை செய்யப்பட்டன. பூங்கா நிர்வாகம் கைவைத்தது தன் தரையின் மேல்தான். ஆகாயத்துக்கு அங்கே வேறு இலாகா. பிரிட்டனிலும் பல நகரசபைகள் தங்கள் பூங்காக்களிலிருந்து ட்ரோன் கிளப்பக் கூடாது என்று துணை விதி வகுத்துள்ளன.

விவசாயிக்குப் பூங்காவில் என்ன வேலை என்று கேட்கலாம். தெளிப்பு ட்ரோன் கிளம்பி இறங்கச் சமதளமான, புழுதி குறைந்த ஓர் இடம் வேண்டும். தண்ணீர் நிரப்பவும் மருந்து கலக்கவும் மின்கலம் மாற்றவும் அந்த இடமே பயன்படும். கரிசல் வயலில் மழைக்குப் பின் அப்படி இடம் கிடைக்காது. உடனே கண் போவது பள்ளி மைதானத்துக்கும் கண்மாய்க் கரைக்கும்தான். ஆனால் மருந்து கலக்கும் இடத்தில் சிந்தல் இருந்தே தீரும். மறுநாள் காலையில் அதே மண்ணில் பிள்ளைகள் உட்காருவார்கள். கண்மாய்க் கரையில் சிந்தினால் அடுத்த மழையில் தண்ணீரில் கலக்கும். ஆடு மாடு குடிக்கும். பூச்சிமருந்துகளில் சில, குறிப்பாகப் பைரித்ராய்டு வகை, மீனுக்குக் கடும் விஷம். ஊராட்சி அனுமதி கொடுத்தாலும் இந்த இடங்களில் மருந்து கலக்காமல் இருப்பதே நலம். சொந்த நிலத்தின் ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி இடத்தைக் கெட்டித்து, தார்ப்பாய் விரித்துக்கொண்டால் வேலை நடக்கும்.

காட்டோரம் நிலம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. மாவட்டத்தின் மேற்கே உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வன இலாகாவின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. உளுந்துக் காட்டில் மேயும் மயிலை ட்ரோன் விட்டு விரட்டுவதும் வேண்டாம். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அது செய்யும் நஷ்டம் எவ்வளவு என்பது வேறு விஷயம். வழக்கு வந்தால் வருவது விவசாயியின் மேல்தான்.

24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்

பலருக்கும் தெரியாத விதி இதுதான். ட்ரோன் புதியது, ஆகாயத்திலிருந்து மருந்து தெளிப்பது புதியதல்ல. ஹெலிகாப்டரிலும் சிறு விமானத்திலும் மருந்து தெளித்த காலத்திலேயே, 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் 43-ஆவது விதியாக இது எழுதப்பட்டது. தெளிக்கும் எல்லையை அடையாளமிட வேண்டும். அது தெளிப்பவரின் பொறுப்பு. ஆகாயத் தெளிப்புக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தை அனுமதிக்கப்பட்ட அளவில்தான் தெளிக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் வசதி இருக்க வேண்டும். தெளிப்பதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னதாகப் பொதுமக்களுக்கு உரிய அதிகாரிகள் மூலம் தெரிவிக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட காலத்துக்கு அங்கே நுழையாமல் தடுக்க வேண்டும். மத்திய வேளாண்மை அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோன் தெளிப்புக்காக வெளியிட்ட நடைமுறைகளும் இதே வழியில்தான் செல்கின்றன.

இந்த விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்கள் மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டத்துக்குள்ளும் ஓரத்திலும் வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. ஊனத்தோடும் நோயோடும் பிறந்த குழந்தைகளின் படங்களை நாடே பார்த்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் வழங்கும்படி 2017-ல் உத்தரவிட்டது. ட்ரோன் இரண்டு மீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஹெலிகாப்டர் அளவுக்கு மருந்து சிதறாது. ஆனால் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தெளிக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

விஸ்வநத்தம் போன்ற ஊரில் 24 மணி நேர அறிவிப்பு சிரமமான காரியமல்ல. ஊராட்சி அலுவலகத்திலும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். சர்வே எண், பயிர், மருந்தின் பெயர், தேதி, நேரம், ட்ரோன்காரரின் பெயர், அடையாள எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். நகல் ஒன்றில் தேதியிட்ட கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், தேனீப் பெட்டி வைத்திருப்பவர் இருந்தால் அவருக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும். ஆலைக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

இருபது மடங்கு வீரியம்

ட்ரோன் தெளிப்பின் வசதியும் ஆபத்தும் ஒரே காரணத்தால் வருகின்றன. கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ட்ரோனில் சுமார் 10 லிட்டர்தான். ஆனால் ஏக்கருக்குச் சிபாரிசு செய்யப்பட்ட மருந்தின் அளவு மாறுவதில்லை. உதாரணமாக ஏக்கருக்கு 80 கிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.4 கிராம், 10 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 8 கிராம். அதாவது கலவை இருபது மடங்கு வீரியமானது. கைத்தெளிப்பானிலிருந்து கையில் பட்ட துளியும் ட்ரோனிலிருந்து பட்ட துளியும் ஒன்றல்ல. துளியும் மிகச் சிறியது. காற்றில் மிதந்து போகும்.

ஆகவே மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் தெளிக்கக் கூடாது. கருவி இல்லாவிட்டால் ஒரு பிடி உலர்ந்த புழுதியைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கலாம். புழுதி காலடியிலேயே விழாமல் சாய்ந்து ஓடினால், அன்று ட்ரோனைத் திருப்பி அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். வாடகை முன்பணம் போனாலும் பரவாயில்லை. விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறாததால் துளி ஆவியாகாது. மக்காச்சோளத்தில் 2018 முதல் நம் நாட்டைப் பிடித்துக்கொண்டுள்ள அமெரிக்கன் படைப்புழு குருத்துக்குள் ஒளிந்திருப்பதால், மேலிருந்து விழும் மருந்து குருத்தில் இறங்க வேண்டும். ட்ரோனின் விசிறிக் காற்று துளியைக் கீழ்நோக்கி அழுத்துவது இதற்கு அனுகூலம். ட்ரோன் அதிக உயரத்தில் போனால் இந்த அனுகூலம் கெட்டுவிடும்.

களைக்கொல்லி விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைக்குப் பயன்படும் 2,4-டி மருந்து பருத்திக்கு ஆகவே ஆகாது. காற்றில் சிறிது வந்து பட்டாலே பருத்தி இலை விரல் போல ஒடுங்கி நீளும். பூவும் காயும் பாதிக்கும். கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்து நிற்கும்போது, ட்ரோனில் 2,4-டி தெளிப்பது பக்கத்துக்காரரின் பயிரைப் பணயம் வைப்பதாகும். வாடகை ட்ரோன் நேற்று எங்கே, எதைத் தெளித்தது என்று கேட்க வேண்டும். தொட்டியில் தங்கிய களைக்கொல்லியே பருத்தியைக் கெடுக்கப் போதும். கழுவாத தொட்டியோடு வந்த ட்ரோனை வயலில் இறக்கவே கூடாது.

எந்த மருந்தையும் ட்ரோனில் ஊற்றிவிடலாம் என்பதும் தவறு. அந்தப் பயிருக்கும், ட்ரோன் தெளிப்புக்கும் அனுமதி உள்ள மருந்துதானா என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். கடைக்காரர் சொல் இதற்குப் போதாது.

ஆலை வேலிக்கு அருகில்

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் 38 பேர் மாண்டனர். வேடிக்கை பார்க்கவும் உதவிக்கும் ஓடியவர்கள் பலர் அதில் சிக்கினர். இந்த வட்டாரத்தில் இதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உராய்வு, தீப்பொறி, வெப்பம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். மருந்து கலக்கும் அறைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகாத ஊர் இது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர் இது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருபது கிலோ எடையுள்ள இயந்திரம் ஒன்று பறக்கிறது. அதில் இருப்பது லித்தியம் மின்கலம். கீழே விழுந்து மின்கலம் நசுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ புகைந்து, சில நொடிகளில் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி ஒரே தடவையில் அணைத்துவிட முடியாது. அணைந்தது போலிருந்து மறுபடியும் பற்றும். ஆலையின் மேடைகளில் மணிமருந்தும் திரியும் வெயிலில் காயும் நேரத்தில், கட்டுப்பாடு இழந்த ட்ரோன் ஒன்று வேலியைத் தாண்டிப் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மின்கம்பியில் சிக்கி விழுந்தாலும் அதே கதைதான்.

வான்வெளி வரைபடத்தில் ஒரு வயல் பச்சையாக இருக்கலாம். ஆனால் அந்த வரைபடம் விமானங்களை மனதில் வைத்துப் போட்டது. பக்கத்து ஆலையில் இன்று என்ன காய்கிறது என்பதை அது சொல்லாது. பட்டாசு ஆலைகள் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. அறைக்கு அறை இவ்வளவு தூரம், வெளிப்பாதைக்கு இவ்வளவு தூரம் என்று அந்த விதிகள் பாதுகாப்பு இடைவெளியை வகுத்திருக்கின்றன. இந்த இடைவெளி தரையில் அளந்தது. ட்ரோன் மேலே வந்தால் அந்த இடைவெளியெல்லாம் ஒன்றுமில்லாமல் போகிறது.

எனவே ஆலை வேலியை ஒட்டிய துண்டு நிலத்துக்கு ட்ரோனே வேண்டாம். சிறு விவசாயிக்கு அங்கே இருப்பது பெரும்பாலும் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர். கைத்தெளிப்பானில் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க இந்த அளவு ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. பெட்ரோல் விசைத்தெளிப்பானும் அங்கே உகந்ததல்ல. அதன் புகைக்குழாயும் சூடானதுதான்.

நிலம் வேலியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்து, ட்ரோன் பயன்படுத்துவது என்று முடிவானால், முதல் நாளே ஆலையின் போர்மேனைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். ஆலைக்கு விடுமுறையான நாளாகவோ, மேடையில் சரக்கு காயாத விடிகாலையாகவோ நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். காற்று ஆலைப் பக்கமிருந்து வயலை நோக்கி வீசும் வேளையில்தான் தெளிக்க வேண்டும். ட்ரோன் ஆலைக்கு இணையாகப் போய் வர வேண்டுமே தவிர, ஆலையை நோக்கிப் போய்த் திரும்பக் கூடாது; கருவி கோளாறானால் அது போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே ஓடும். வேலிப்பக்கத்து ஓரச் சால்களை விட்டுவிட்டுப் பிறகு கைத்தெளிப்பானில் அடித்துக்கொள்ளலாம். மின்கலம் மாற்றும் இடமும் சார்ஜ் ஏற்றும் இடமும் வயலின் மறு கோடியில், நிழலில் இருக்க வேண்டும். உப்பிய மின்கலத்தை அன்று பயன்படுத்தவே கூடாது.

ஆலை ஆட்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் குனிந்து வேலை செய்யும் பெண்கள் மதியம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குடிதண்ணீர்க் குடம் மூடியில்லாமல் இருக்கும். இருபது மடங்கு வீரியமான சாரல் அங்கே போய்ப் படியக் கூடாது. அவர்களில் பலர் இதே ஊரில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தார்தான்.

வாடகைக்கு அமர்த்தும்போது

சொந்தமாக ட்ரோன் வாங்க மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. 2023 நவம்பரில் அனுமதிக்கப்பட்ட 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விலையில் 80 சதவீதம், எட்டு லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வகுக்கப்பட்டது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொந்த ட்ரோன் கட்டுப்படியாகாது. வாடகையே சரி.

வாடகைக்காரரிடம் ரிமோட் பைலட் சான்றிதழையும் ட்ரோனின் அடையாள எண்ணையும் காப்பீட்டுத் தாளையும் காட்டச் சொல்ல வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். டிராக்டர் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்பது போலத்தான் இதுவும். சான்றிதழ் அந்த எடை வகை ட்ரோனுக்கு உரியதா என்றும் பார்க்க வேண்டும். 'முதலாளிக்குச் சான்றிதழ் இருக்கிறது, ஓட்டுவது தம்பி' என்றால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. கையில் ரிமோட் பிடிப்பவருக்குத்தான் சான்றிதழ் வேண்டும். தெளிப்பதற்கு முன் அவரோடு வயலைச் சுற்றி நடந்து, மின்கம்பி, கிணறு, தென்னை, வீடு, ஆலை வேலி எல்லாவற்றையும் காட்டிக் குச்சி ஊன்றித் துணி கட்டிவிட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ட்ரோன்காரருக்குத் தகரக் கொட்டகை எல்லாம் ஒன்று போலத் தெரியும். எது கோழிப் பண்ணை, எது பட்டாசு ஆலை என்று உள்ளூர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ட்ரோன் ஆலை வளாகத்துக்குள் விழுந்துவிட்டால், எடுத்து வரலாம் என்று வேலி தாண்டிக் குதிக்கக் கூடாது. மூன்று லட்சம், நாலு லட்சம் பெறும் பொருள் என்பதற்காக ட்ரோன்காரர் ஓடப் பார்ப்பார். அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். போர்மேனுக்கு உடனே போன் செய்து, எந்தப் பக்கம் விழுந்தது, உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது, தொட்டியில் பூச்சிமருந்து இருக்கிறது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஆட்களை வெளியேற்றுவதும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதும் அவர்கள் பொறுப்பில் நடக்கட்டும். புகை தெரிந்தால் விவசாயியே 101-க்கோ 112-க்கோ பேசிவிடலாம். ட்ரோன் விபத்தை 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்துக்கு இணையதளம் வழியாகத் தெரிவிப்பது ட்ரோன் ஓட்டியவரின் கடமை. காப்பீட்டுக் கம்பெனிக்கும் அன்றே எழுத வேண்டும். ஊராட்சியில் கையெழுத்து வாங்கிய அறிவிப்பு நகல் அப்போது கையில் இருந்தால், விவசாயி தன் பக்கத்தைச் சொல்ல அது உதவும்.